ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்த்த மலாக்காக்காரர்: முன்ஷி அப்துல்லாவை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

உங்க கைப்பேசியில் ஏதாவது ஒரு சொல் விளையாட்டு கண்டிப்பாக இருக்கும். வோர்டலோ ஸ்கிராபிளோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு சின்னக் கேள்வி. இரண்டு எல், ஒரு டபிள்யூ, கடைசியில் ஒய் வருகிற, 10 எழுத்துக்கு மேல் உள்ள ஓர் ஆங்கிலச் சொல் சொல்லுங்க பார்ப்போம்.

யோசிக்கிறீங்களா? மல்லிகடாவ்னி. எம், யூ, எல், எல், ஐ, ஜி, ஏ, டி, ஏ, டபிள்யூ, என், ஒய். மொத்தம் 12 எழுத்து. சளி பிடித்தால் வீட்டில் வைத்துக் கொடுப்பார்களே, அதே மிளகுத்தண்ணிதான் ஆங்கிலத்துக்குப் போய் இப்படி நீண்டுபோனது. நான்கு ஏ உள்ள ஒன்பது எழுத்துச் சொல் வேண்டுமென்றால் கட்டமரன் இருக்கிறது. அது நம்ம கட்டுமரம்.

இந்த மாதிரி எழுத்து தேடுவது நமக்குப் பொழுதுபோக்கு. ஆனால் 200 வருஷத்துக்கு முன்னால், மலாக்காவில் ஒருவருக்கு இதுவே பிழைப்பாக இருந்தது. ஆங்கில எழுத்துகளை ஈய அச்சுகளாகக் கையில் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, சொல்லாக்கி, வரியாக்கி, பக்கமாக்கினார். அவருடைய பெயரை நீங்க பாடப் புத்தகத்தில் படித்திருப்பீங்க. மலாக்கா டவுனில் அவர் பெயரில் உள்ள சாலையில் நெரிசலில் மாட்டியும் இருப்பீங்க. அப்துல்லா பின் அப்துல் காதிர் என்ற முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று சொல்லப்படுபவர். தமிழ் படித்தவர், தமிழ் பேசிய குடும்பத்தின் பேரன் என்பதைத்தான் பல பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

நாகூரில் தொடங்கிய குடும்பம்

அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமன் நாட்டு அரபுக்காரர், பெயர் ஷேக் அப்துல் காதிர். நாகூருக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய மகன்களில் ஒருவரான முகமது இப்ராகிம் கப்பலேறி மலாக்காவுக்கு வந்து, சேகு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அந்தப் பெண்ணின் பெயரை மலாய் நூல்களில் பெரி ஆச்சி என்று எழுதுவார்கள். கொஞ்சம் சத்தமாகப் படித்துப் பாருங்க. பெரியாச்சி! அவர்தான் அப்துல்லாவின் பாட்டி.

அப்துல்லா பிறந்தது 1796-ல், மலாக்கா கம்போங் பாலியில். பாலி என்பதும் நம்ம 'பள்ளி', அதாவது பள்ளிவாசல்தான் என்று விளக்கம் சொல்வார்கள். அவருக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் தங்கவில்லை. இவரும் சின்ன வயதில் சதா நோயாகவே இருந்ததால் அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் பலர் பாலூட்டித்தான் பிழைக்க வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஜாசின், அலோர் காஜா பக்கம் தோட்டத்தில் வளர்ந்த குடும்பமாக இருந்தால், மலாக்காவில் தமிழர் கதை ரப்பர் மரத்தோடு தொடங்குகிறது என்று நினைத்திருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் முதல் ரப்பர் தோட்டத்தைப் போட்டது 1896-ல். அப்துல்லா பிறந்து சரியாக 100 வருஷம் கழித்து. அவர் காலத்து மலாக்காத் தமிழ் பால்வாளி தூக்கிய தமிழ் இல்லை, கணக்குப் புத்தகம் எழுதிய தமிழ். ஜாலான் துக்காங் எமாஸில் இன்றும் இருக்கிற ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-ல் மலாக்காச் செட்டிகள் கட்டியது. அதே தெருவில் நாலு எட்டு வைத்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அது 1748-ல் தொடங்கப்பட்டது. அப்துல்லா பிறக்கும்போதே இரண்டும் இருந்தன.

பாட்டியின் பிரம்பு, அப்பாவின் முறைப்பு

பெரியாச்சி பாட்டி குர்ஆன் ஓதிக் கொடுக்கும் பள்ளி நடத்தினார். நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். அப்துல்லாவுக்கு முதல் பாடம் அங்கேதான். பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையை எழுதும்போது அந்தக் காலத்துப் பள்ளித் தண்டனைகளை ஒவ்வொன்றாக விவரித்திருக்கிறார். பிரம்படி அதில் சாதாரண ரகம். விரல் இடுக்கில் குச்சி வைத்து நெரிப்பது மாதிரியான வகைகளும் உண்டு. படிக்கும்போதே கை வலிக்கும்.

அப்பா அப்துல் காதிர் அதைவிடக் கண்டிப்பு. மலாய் ஏடுகளைத் தேடிச் சேர்ப்பவர், ஐரோப்பியர்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தவர். மகன் எழுதியதில் ஒரு தப்பு இருந்தாலும் விடமாட்டார். ஒருநாள் அப்பா இல்லாத நேரம் ஒரு மரக்கலத் தலைவர் கடன் பத்திரம் எழுத வந்தார். பையன் துணிந்து தானே எழுதிக் கொடுத்துவிட்டான். அப்பா திரும்பி வந்து பார்த்தபோது வெளியில் அதட்டினார். பிறகு அம்மாவிடம் தனியாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இந்த அப்பா உங்களுக்கும் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

அதன்பிறகுதான் தமிழ். ஒரு வாத்தியாரிடம் விட்டு இரண்டரை வருஷம் தமிழ் படிக்க வைத்தார்கள். காரணம் பாசமோ பெருமையோ இல்லை. அப்போது மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாகவே இருந்தது. துறைமுகம் முழுக்க இந்திய வணிகர்கள், கணக்கு வழக்கும் பேச்சு வார்த்தையும் அந்த மொழியில். தமிழ் தெரியாவிட்டால் வியாபாரம் ஓடாது. இன்றைக்கு வேலைக்காக மாண்டரின் வகுப்புக்குப் போகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஓதிக் கொடுத்து, பதிலுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். அவர்கள்தான் இவரை முன்ஷி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மொழி கற்றுத் தருபவர், எழுத்தர் என்று பொருள். அந்தச் சொல்லும் ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. மூன்ஷீ என்று எட்டு எழுத்தில் எழுதும் பழைய வடிவமும் உண்டு. சொல் விளையாட்டுக்காரர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அதே கோட்டையை 1807-ல் ஆங்கிலேய அதிகாரி ஃபார்குவர் வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது அப்துல்லாவுக்கு வயது பத்து, பதினொன்று. யானை அளவும் வீடு அளவும் இருந்த கற்கள் பறந்து கடலில் விழுந்ததைப் பார்த்தவர். இன்று நீங்க படம் எடுத்துக்கொள்கிற அந்த ஒற்றை வாசல் மட்டும் மிஞ்சியது.

ராஃபிள்ஸிடம் வேலை

1810-ன் கடைசியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். ஜாவா மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும், பழைய ஏடுகளைப் படியெடுக்கவும் எழுத்தர்களைச் சேர்த்தார். அவர்களில் ரொம்ப இளையவர் அப்துல்லா. உங்களில் சிலர் மூன்றாம் படிவம் படிக்கும் வயதுதான்.

ராஃபிள்ஸ் சேர்த்த ஏடுகளின் முடிவு சோகமானது. 1824 பிப்ரவரியில் பெங்கூலனிலிருந்து அவர் புறப்பட்ட ஃபேம் என்ற கப்பல் அன்றிரவே தீப்பிடித்தது. உயிர் தப்பினார்கள், ஏடுகள் தப்பவில்லை. பிரதி எடுக்காமல் ஊர் ஊராக வாங்கிச் சேர்த்தவை நிறைய. அப்துல்லா அந்த இழப்பை வருஷக்கணக்காக மறக்கவில்லை. ஒரே ஒரு கைப்பிரதி எவ்வளவு ஆபத்தானது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அச்சு இயந்திரத்தின் மேல் அவர் பைத்தியமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அச்சுக் கோர்ப்பது என்றால் என்ன?

1815-ல் வில்லியம் மில்ன் என்ற கிறிஸ்தவ மதபோதகர் மலாக்காவுக்கு வந்தார். அவரோடு தாம்சன், பிறகு 1817-ல் அச்சுத் தொழில் தெரிந்த மெட்ஹர்ஸ்ட். 1818 நவம்பரில் ஆங்கிலோ சைனீஸ் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ஆங்கிலம், சீனம், மலாய் மூன்றிலும் அச்சு வேலை நடந்தது. அப்துல்லா அவர்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தார், அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுக் கோர்ப்பும் கற்றுக்கொண்டார்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்க. முன்னால் ஒரு மரத் தட்டு, நிறைய அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தின் ஈய அச்சுகள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாம் இடம் வலம் மாறி இருக்கும். பி-யும் டி-யும் குழப்பும், பி-யும் க்யூ-வும் குழப்பும், தலைகீழாகப் பார்த்தால் என்-னும் யூ-வும் குழப்பும். ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோர்க்க வேண்டும், அச்சடித்து முடிந்ததும் பிரித்து அதே அறைகளில் திருப்பிப் போட வேண்டும். நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் நமக்கு ஜாலி. அவருக்கு அது வரி ஓரத்தில் எங்கே உடைப்பது என்ற தலைவலி.

இன்னொரு சிக்கல், எழுத்து தீர்ந்து போவது. ஆங்கிலத்தில் அதிகம் வருவது ஈ. ஸ்கிராபிள் பெட்டியில் ஈ 12 வில்லை, க்யூ ஒன்றே ஒன்று. அதைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் 1930-களில் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் கணக்குப் போட்டார். அவருக்கு 100 வருஷம் முன்பே மோர்ஸ் தந்திக் குறியீட்டை அமைத்தவர்கள் அச்சுக்கூடத் தட்டுகளை எண்ணி, எந்த எழுத்து அதிகம் என்று தெரிந்துகொண்டார்கள். அச்சுக் கோர்ப்பவருக்கு இது விரல் நுனியிலேயே தெரியும். ஆங்கிலக் கணக்குக்கு வார்த்த ரோமன் எழுத்துகளை வைத்து மலாய் கோர்த்தால் ஏ சீக்கிரம் காலியாகிவிடும், ஈ அறையில் தூங்கும். 'மக்கான்', 'பஹாசா', 'சயா' எல்லாவற்றையும் ரோமன் எழுத்தில் எழுதிப் பாருங்க, புரியும்.

ஜாவி எழுத்து வேறு மாதிரி. வலமிருந்து இடம். ஓர் எழுத்து சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வெவ்வேறு உருவம் எடுக்கும், எல்லாவற்றுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். அரபியில் 'ப' கிடையாது, 'ங', 'ஞ' கிடையாது. மலாய்க்காக அவற்றைப் புள்ளி கூட்டி உருவாக்கினார்கள். தமிழில் ஙவும் ஞவும் ஏற்கனவே தனி எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். மூன்று எழுத்து முறைகளும் ஒரே மண்டைக்குள் இருந்த ஒருவர் ஒரு சொல்லை எப்படிப் பார்த்திருப்பார்!

ஊர் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலம் படிக்கிறான், பாதிரியார் வீட்டுக்குப் போகிறான், மதம் மாறப் போகிறான் என்று பேசினார்கள். அப்துல்லா பாத்ரி என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அப்பாவுக்கே ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. ஆனால் அப்துல்லா கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். பாதிரியார்களோடு வேலையும் செய்தார். இரண்டும் ஒன்றாக முடியும் என்பதை ஊர் ஏற்றுக்கொள்ளத்தான் நாளானது.

தாம்சனோடு ஒரு தகராறு

தாம்சன் ஒரு ஆங்கிலம்–மலாய்ச் சொற்பட்டியல் தொகுத்தார், அது 1820-ல் மலாக்காவில் அச்சானது. பைபிள் பகுதிகளையும் மலாயில் கொண்டுவந்தார். இங்கேதான் பிரச்சினை. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் நேராக ஒரு மலாய்ச் சொல்லை வைத்தால் போதும், வாக்கியம் தானாக வந்துவிடும் என்று தாம்சன் நம்பினார். சொல் மலாய், நடை ஆங்கிலம், இப்படி எழுதினால் மலாய்க்காரர் யாருக்கும் புரியாது என்று அப்துல்லா திரும்பத் திரும்பச் சொன்னார். தாம்சன் விடவில்லை. சம்பளம் வாங்குபவர் எவ்வளவு தூரம் வாதாடுவது?

அப்துல்லாவுக்குப் பெரிய கவலை என்னவென்றால், படிக்கிறவர்கள் தாம்சனைத் திட்ட மாட்டார்கள், உதவிக்கு இருந்த முன்ஷியைத்தான் திட்டுவார்கள். அது தன் தப்பு இல்லை என்று தன் வாழ்க்கைக் கதையில் பதிவு செய்துவிட்டுத்தான் ஓய்ந்தார். செய்தி அறையில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குகிற எங்களுக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் குறுகுறுப்பும் வரும்.

அவர் சொல் தேடிய விதம் வேறு. பழைய ஏடுகளை வைத்துக்கொண்டு, புரியாத சொல்லுக்கும் பழமொழிக்கும் டத்தோ சுலைமான் போன்ற முதியவர்களிடம் போய் உட்கார்ந்து பொருள் கேட்டார். மலாய்க்காரர்கள் மலாய் படிக்கப் பள்ளியே இல்லை, சொந்த மொழிதானே, அதை எதற்குப் படிக்க வேண்டும் என்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம், ஆதங்கம். வீட்டில் பேசுகிறோமே, தமிழ் எதற்குப் பாடமாக என்று உங்களிடம் யாராவது கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு வயது 200-ஐ நெருங்குகிறது.

புதுப் பொருளுக்குப் புதுச் சொல் வேண்டியபோது அவர் எளிமையாக யோசித்தார். நீராவிக் கப்பலைப் பற்றி மலாயில் எழுதினார், 1843-ல். நூலின் பெயரில் வருவது 'காப்பால் அசாப்', அதாவது புகைக் கப்பல். நாம் புகைவண்டி என்று சொன்ன அதே யோசனை. இதில் காப்பால் என்பதே நம்ம கப்பல்தான். கெடாய் என்றால் கடை, பெத்தி என்றால் பெட்டி, காத்தில் என்றால் கட்டில். தமிழ்க் கடனை மலாய் இன்னும் வைத்திருக்கிறது.

சிங்கப்பூரும் அந்தப் புத்தகமும்

1819-க்குப் பிறகு வேலை எல்லாம் சிங்கப்பூருக்கு நகர்ந்தது. அப்துல்லாவும் போய் வந்துகொண்டிருந்தார். கடிதம், மனு எழுதினார், வெள்ளைக்காரர்களுக்கு மலாய் கற்றுக் கொடுத்தார். தாம்சன் கொண்டுவந்த சின்ன அச்சு இயந்திரத்தில் ராஃபிள்ஸின் அரசாணையை ஆங்கிலத்திலும் மலாயிலும் இரவு நெடுநேரம் கண் விழித்துக் கோர்த்த கதையும் உண்டு. 1835-ல் தமிழ்ப் பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் மொழிபெயர்த்தார். சின்ன வயதில் கணக்குக்காகப் படித்த தமிழ் கடைசியில் கதைக்குப் பயன்பட்டது. 1838-ல் சிங்கப்பூர் வணிகர்களின் கடிதங்களோடு, சண்டை நடந்துகொண்டிருந்த கிளந்தானுக்குப் போய்வந்து ஒரு பயண நூல் எழுதினார்.

ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்க மதபோதகர்தான் உங்க வாழ்க்கையையே எழுதுங்களேன் என்று தூண்டியவர். 1840-ல் தொடங்கி 1843-ல் முடித்தார். ஹிக்காயாட் அப்துல்லா 1849-ல் வெளிவந்தது. இவ்வளவு நாள் ஈய எழுத்து கோர்த்தவரின் பெரிய புத்தகம் ஈய எழுத்தில் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. கல்லச்சு முறையில், கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அச்சடித்தார்கள். ஜாவியின் வளைவுகளுக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது.

அந்தப் புத்தகத்தில் அரசர்களின் வீரப் பிரதாபம் இல்லை. நான் பார்த்தேன், நான் கேட்டேன் என்று ஒரு சாதாரண ஆள் பேசுகிறார். மலாயில் அது புதுசு. அதே சமயம் எல்லோருக்கும் அவரைப் பிடிக்காது, அதையும் சொல்லியாக வேண்டும். மலாய் அரசர்களைக் கடுமையாகச் சாடினார், ஆங்கிலேயர்களைத் தாராளமாகப் புகழ்ந்தார். வெள்ளையரின் கண்ணாடி வழியே ஊரைப் பார்த்தார் என்ற விமர்சனம் பிற்காலத்தில் பலமாக எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. ஆனால் தாம்சனிடம் மல்லுக்கட்டியதும் அதே ஆள்தான்.

1854-ல் ஹஜ் பயணத்துக்குக் கப்பலேறினார். வழியெல்லாம் குறிப்பு எழுதிக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை. அந்த வருஷமே அங்கேயே இறந்துபோனார். குறிப்புகள் மட்டும் தப்பின. அவருடைய மகன் முகமது இப்ராகிமும் முன்ஷியாகி, ஜொகூர் அரசில் உயர்ந்த பதவிக்கு வந்தார், அப்பா மாதிரியே பயண நூலும் எழுதினார்.

நீங்க இவரைத் தேடிப் படிக்கப் போகிறீங்க என்றால் ஒரு தகவல். 1972-ல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ரோமன் எழுத்துக் கூட்டலை ஒன்றாக்கின. எஸ், ஹெச் என்று இருந்தது எஸ், ஒய் ஆனது. அதனால் புதிய பாடப் புத்தகங்களில் முன்ஷி ஒய் போட்டு இருப்பார், மலாக்கா சாலைப் பலகையில் பழையபடி ஹெச் போட்டு இருப்பார். இரண்டு மாதிரியும் போட்டுத் தேடுங்க.